குளிர்ப் பகுதி சிரா: மிளகு மணக்கும் சிவப்பு ஒயின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்ப் பகுதி சிரா என்று எதைச் சொல்கிறார்கள்?

சிரா ஒரு கறுந்தோல் திராட்சை. வெயில் கொளுத்தும் இடத்தில் வளர்ந்தால் அதில் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடும். அதிலிருந்து வரும் ஒயின் கனத்துப் போய், ஜாம் வாசத்தோடு, 15 சதவீத ஆல்கஹாலைத் தொட்டு நிற்கும். அதே கொடி, பழம் பழுத்து முடியுமா முடியாதா என்று அறுவடை வரை தோட்டக்காரரைத் தவிக்கவிடும் இடத்தில் வளர்ந்தால் கதை வேறு. ஆல்கஹால் 12 முதல் 13.5 சதவீதத்துக்குள் நிற்கும். புளிப்பு துடிப்பாக இருக்கும். பழத்தின் இனிப்பு வாசம் பின்னுக்குப் போய், மிளகும் ஊதாப்பூவும் கறுப்பு ஆலிவும் முன்னுக்கு வரும். இந்த இரண்டாவது வகைக்குத்தான் அந்தப் பெயர்.

‘குளிர்ப் பகுதி’ என்பதற்கு இதில் சட்ட வரையறை ஏதும் இல்லை. கொடி துளிர்ப்பதிலிருந்து அறுவடை வரையிலான மாதங்களின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 முதல் 19 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடங்களில் சிரா நன்றாகப் பழுக்கும் என்பது பொதுவான கணக்கு. அந்த வரம்பின் கீழ்முனையில் வளர்வதைக் குளிர்ப் பகுதி சிரா எனலாம். இதைவிடக் குளிர்ந்த இடத்தை விரும்பும் பீனோ நுவார் திராட்சையைப் பயிரிடுபவர் அதே இடத்தைப் பார்த்து ‘இது வெதுவெதுப்பான ஊராயிற்றே’ என்பார். எந்தத் திராட்சையை மனத்தில் வைத்துப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது இந்தக் ‘குளிர்’.

சிராவும் ஷிராஸும் ஒன்றா?

ஒரே திராட்சைதான். 1832-இல் ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவில் சேகரித்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடித் துண்டுகளில் இதுவும் இருந்தது. அங்கே ஷிராஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே ‘சிரா’ என்று அச்சிடுகிறார்கள். ‘எங்கள் ஒயின் மெலிந்த பாணி, பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கின் பக்கம் சாய்ந்தது’ என்று சொல்லாமல் சொல்வதற்காக. நம்பலாம், ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். புட்டியில் ஒட்டும் சீட்டில் எதை எழுதுவது என்பது அவரவர் விருப்பம்.

பெட்டிட் சிரா மட்டும் வேறு. அது சிராவுக்கும் பெலூர்சன் என்ற திராட்சைக்கும் பிறந்த டுரிஃப் என்ற தனித் திராட்சை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தத் திராட்சை பாரசீகத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்களே?

ஷிராஸ் நகரத்தோடு முடிச்சுப் போடும் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1990-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் பிரான்சின் மொன்பெலியே ஆய்வாளர்களும் சேர்ந்து மரபணுவைப் பார்த்தபோது அந்தக் கதை உடைந்தது. தாய் மொந்தூஸ் பிளான்ச், சவோய் பகுதியின் வெள்ளைத் திராட்சை. தந்தை தூரேசா, ஆர்தெஷ் பகுதியின் கறுப்புத் திராட்சை. இரண்டுமே ஊருக்கு வெளியே யாரும் பேசாத வகைகள். சிரா தென்கிழக்குப் பிரான்சிலேயே பிறந்திருக்க வேண்டும்.

எப்படி இருக்கும் அதன் சுவை?

நிறம் ஆழமாகவே இருக்கும். குளிர்ப் பகுதி என்பதால் வெளிறிப் போய்விடாது. சிராவின் தோலில் நிறமி அதிகம். கோப்பையின் விளிம்பில் ஊதாச் சாயல் தெரியும்.

முகர்ந்தால் முதலில் வருவது பழமாக இருக்க வேண்டியதில்லை. அப்போதுதான் இடித்த மிளகு, வயலட் பூ, உப்பில் ஊறிய கறுப்பு ஆலிவ், புகையிட்ட இறைச்சி, இரும்பு, ஈர மண் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பழம் இருக்கிறது. ஆனால் வெயில் தேசத்து ஷிராஸில் வரும் கனிந்து குழைந்த பிளம் அல்ல, இன்னும் புளிப்பு மாறாத கறுப்பு ராஸ்பெர்ரி, புளூபெர்ரி.

வாயில் வைத்தால் எதிர்பார்த்த கனம் இருக்காது. கறுத்த நிறத்தைப் பார்த்து முரட்டு ஒயினை எதிர்பார்த்தவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். நடுத்தரக் கனம், நாக்கின் இரு ஓரத்திலும் உமிழ்நீர் ஊறவைக்கும் புளிப்பு, நுண்ணிய துவர்ப்பு. விழுங்கிய பிறகு இனிப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆலிவின் உவர்ப்பும் மிளகின் நெடியும்தான் மிச்சம். என்னைக் கேட்டால் அந்தக் கடைசிக் கட்டம்தான் இதன் அழகு. முதல் வாய் வசீகரிக்காமல் போகலாம். இரண்டாவது கோப்பையை நிரப்பச் சொல்வது இந்த மிச்சம்தான்.

மிளகு வாசம் உண்மையா, சுவைஞர்களின் கற்பனையா?

உண்மை. அதற்கு ஒரு மூலக்கூறு இருக்கிறது, பெயர் ரோட்டண்டோன். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு மிளகு மணக்கும் ஷிராஸில் அதைக் கண்டுபிடித்து 2008-இல் வெளியிட்டது. கறுப்பு மிளகுக்கும் வெள்ளை மிளகுக்கும் அந்த மணத்தைத் தருவதும் இதே பொருள்தான் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. உலகம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மிளகு வணிகம் செய்திருக்கிறது. அதன் மணத்துக்கு முக்கியக் காரணம் எது என்பது ஒரு திராட்சையைத் துருவிய பிறகே பிடிபட்டது. இந்த மூலக்கூறு அதற்கு முன்பே கோரைக்கிழங்கிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. கோரையின் தாவரவியல் பெயரான சைப்பரஸ் ரோட்டண்டஸிலிருந்துதான் ரோட்டண்டோன் என்ற பெயரும் வந்தது. மார்ஜோரம், ரோஸ்மேரி, ஓரிகானோ இலைகளிலும் இது உண்டு.

அதன் வீரியத்தைப் பாருங்கள். சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். அந்தக் கணக்கில் ஒரு கிராம் ரோட்டண்டோன் ஆறு கோடி லிட்டர் ஒயினுக்கு மிளகு வாசம் ஏற்றப் போதும்.

பழத்தில் அது தோலில்தான் இருக்கிறது. குலையின் வெயில் படும் முகத்தைவிட நிழலில் இருக்கும் பக்கத்தில் அதிகம். பழத்தின் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டும் நேரம் கூடக்கூட ரோட்டண்டோன் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் பகுதியில் ஒரே தோட்டத்துக்குள்ளேயே சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து அளவு வெகுவாக மாறியது. குளிர்ந்த தென்முகச் சரிவில் மிளகு கூடுதல். (தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவுக்குத்தான் வெயில் குறைவு.) குளிர்ந்த, ஈரமான ஆண்டுகளில் மிளகு தூக்கலாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

எனக்கு மிளகு வாசமே தெரியவில்லை. மூக்கில் கோளாறா?

கோளாறு இல்லை. ரோட்டண்டோனைக் கண்டுபிடித்த அந்த 2008 ஆய்வில் கலந்துகொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் ரோட்டண்டோன் தெரியவில்லை. ஒரே மேசையில் ஒரே புட்டியிலிருந்து குடிக்கும் இருவர் ‘மிளகு தூக்கல்’, ‘மிளகா? எங்கே?’ என்று சண்டை போட்டால் இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். அந்த ஐந்தில் ஒருவராக நீங்கள் இருந்தால் பூவும் ஆலிவும் புகையும் உங்களுக்கு இன்னும் துலக்கமாகத் தெரியக்கூடும். அதுவும் ஒரு சுவைதான்.

குளிர் உண்மையில் கொடியில் என்ன செய்கிறது?

பழத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று சர்க்கரைக்கு, மற்றொன்று மணத்துக்கும் துவர்ப்புக்கும். வெப்பப் பகுதியில் முதலாவது பறக்கும். மணம் முதிர்வதற்குள் சர்க்கரை எங்கோ போயிருக்கும். குளிர்ப் பகுதியில் அது நிதானமாக நகர்வதால் தோலும் விதையும் முதிர அவகாசம் கிடைக்கிறது. இரவுக் குளிரில் பழம் தனக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தை அவ்வளவாகச் செலவழிப்பதில்லை, அதனால் புளிப்பு தங்குகிறது.

சிராவுக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. முதிர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் பழம் நீரிழந்து சுருங்கத் தொடங்கும். வெயில் ஊரில் நான்கைந்து நாள் அசந்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறிவிடும். குளிர்ப் பகுதியில் இந்த வேகம் குறைவு, அறுவடை நாளை யோசித்து முடிவு செய்யலாம். பதிலுக்கு மழை வந்து கெடுக்கும் ஆபத்தைச் சுமக்க வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லதா?

இல்லவே இல்லை. பழுக்காத சிரா பரிதாபமானது. பச்சைத் தண்டு வாசம், பீட்ரூட் வாசம், நடுவில் வெற்றிடம், முடிவில் கடுத்த புளிப்பு. ‘மிளகு தெரிகிறதே’ என்று அதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மிளகு மட்டுமே தெரியும் ஒயின் என் கணக்கில் தோற்றுப்போன ஒயின். மிளகுக்கு அடியில் பழம் நிற்க வேண்டும்.

அதனால்தான் குளிர்ந்த நாடுகளில் இதைப் பயிரிடுபவர்கள் அந்த வட்டாரத்திலேயே வெப்பமான மூலையைத் தேடிப் போகிறார்கள். நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே இதற்கு நல்ல உதாரணம். 1867-இல் நருரோரோ ஆறு பெருவெள்ளத்தில் திசை மாறியபோது பழைய படுகை கூழாங்கற்களாக வெளியே வந்தது. மாடு மேய்க்கக்கூட உதவாத நிலம் என்று ஒதுக்கப்பட்ட அந்த இடம்தான் இன்று கிம்லெட் கிராவல்ஸ். கல் பகலில் சூடேறி மாலையில் அதைத் திருப்பித் தருகிறது, தண்ணீர் தேங்குவதில்லை. 1980-களில் அங்கே சிராவை நட்டு மீட்டெடுத்தவர் ஸ்டோன்கிராஃப்ட் தோட்டத்தின் ஆலன் லிம்மர். மொத்தத்தில் குளிர்ந்த நாடு, அதற்குள் சூடான கல். சிராவுக்கு அந்த இழுபறி பிடித்திருக்கிறது.

எந்தெந்தப் பகுதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தொடக்கம் எப்போதும் வடக்கு ரோன்தான். பிரான்சில் வியென் நகரத்திலிருந்து வலான்ஸ் வரை ரோன் ஆற்றை ஒட்டிய செங்குத்துச் சரிவுகள். சிவப்பு ஒயினுக்கு அங்கே அனுமதி பெற்ற ஒரே கறுப்புத் திராட்சை சிரா. ஒரே திராட்சை, ஒரே ஆறு, ஆனால் ஊருக்கு ஊர் முகம் மாறும். வடக்கு முனையில் இருக்கும் கோத் ரோத்தி பூ மணமும் நளினமும் உடையது. எர்மிடாஜ் ஒரே ஒரு குன்று, 140 ஹெக்டேருக்கும் குறைவு. தெற்கு பார்த்த சரிவு என்பதால் அடர்த்தியும் கம்பீரமும் கூடும், பல பத்தாண்டுகள் தாங்கும். கொர்னாஸில் சிராவோடு வேறு எதையும் கலக்க விதி இடம் கொடுப்பதில்லை. கருங்கல் மண், முரட்டுத் துவர்ப்பு. சேன் ஜோசஃப் ஆற்றின் மேற்குக் கரையில் நீண்டு கிடப்பதால் தரம் இடத்துக்கு இடம் மாறும், நல்லது அமைந்தால் மிளகும் வயலட்டும் மிகத் துல்லியமாக வரும். குரோஸ் எர்மிடாஜ் பரப்பில் பெரியது, இளமையிலேயே குடிக்க ஏற்றது.

ஆஸ்திரேலியாவில் யாரா பள்ளத்தாக்கு, அடிலெய்ட் ஹில்ஸ், கிராம்பியன்ஸ். கான்பெரா வட்டாரத்தின் குளொனாகில்லா என்ற ஒயின் தோட்டம் தனிக் கதை. அதன் டிம் கிர்க் 1991-இல் கோத் ரோத்தியில் கிகல் நிறுவனத்தின் ஒயின்களைச் சுவைத்துத் திரும்பினார். மறு ஆண்டே ஷிராஸோடு வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்த்தார். ஆஸ்திரேலியாவே அந்தப் பாணியின் பின்னால் ஓடியது, பாதிப்பேர் வியோனியேவை அளவுக்கு மீறிக் கொட்டிக் கெடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

கலிஃபோர்னியாவில் சொனோமா கடற்கரை, குறிப்பாகக் காற்றையே அடையாளமாகக் கொண்டு 2017-இல் தனி வட்டாரமாக அறிவிக்கப்பட்ட பெட்டலூமா கேப். சிலியில் பசிபிக் கடலின் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்விக்கும் சான் அந்தோனியோ. சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியிலும் நல்ல சிரா உண்டு. பெரும்பாலும் உள்ளூரிலேயே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையை ஏன் சேர்க்கிறார்கள்?

கோத் ரோத்தியின் விதிப்படி 20 சதவீதம் வரை வியோனியே சேர்க்கலாம். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதே இல்லை. இரண்டையும் தனித்தனியாகச் செய்து கலக்காமல் ஒன்றாகவே நொதிக்கவிட வேண்டும். மணத்துக்கு ஒரு ஆப்ரிகாட் சாயல் வரும், வழுவழுப்பு கூடும். வெள்ளையைச் சேர்த்தால் நிறம் வெளுக்கும் என்று தோன்றும். சேர்ந்து நொதிக்கும்போது நிறமிகள் நிலைபெற்று நிறம் துலங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

‘முழுக் குலை’ என்று சீட்டில் போடுவது எதற்கு?

பழங்களைக் காம்பிலிருந்து உதிர்க்காமல் குலையோடு தொட்டியில் போட்டு நொதிக்கவிடுவது. காம்பு கொஞ்சம் துவர்ப்பைத் தரும், பொட்டாசியத்தைக் கசியவிட்டு அமிலத்தின் கூர்மையைச் சற்றுத் தணிக்கும், உலர்ந்த மூலிகையும் தேயிலையும் கலந்தது போன்ற மணம் சேர்க்கும். உடையாத பழங்களுக்குள் நொதித்தல் மெதுவாக நடப்பதால் பூ மணமும் கூடும். காம்பு பச்சையாக இருந்தால் கசப்புதான் மிஞ்சும். குளிர்ப் பகுதியில் காம்பு முதிர்வது எல்லா ஆண்டும் நடப்பதில்லை; ஆண்டுக்கு ஆண்டு விகிதத்தை மாற்றுபவரை நம்பலாம், கொள்கையாக நூறு சதவீதம் போடுபவரிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

திறந்ததும் எரிந்த ரப்பர், தீக்குச்சி வாசம் வருகிறது. கெட்டுவிட்டதா?

அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். சிரா நொதிக்கும்போது கந்தகச் சேர்மங்களை எளிதில் உண்டாக்கும் திராட்சை. காற்றுப் படாமல் அடைபட்டிருந்த அந்த வாசம் பெரும்பாலும் டிகேண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் அடங்கும். அழுகிய முட்டை வாசமாக இருந்து, ஒரு மணி நேரம் கழித்தும் போகவில்லை என்றால் அது குறைதான்.

குதிரை லாயம், பிளாஸ்டர் பட்டை வாசம் என்றால் அது பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. இதைச் சிராவின் இயல்பான இறைச்சி வாசம் என்று எண்ணிப் பாராட்டியவர்கள் ஏராளம். சிறிதளவு இருந்தால் சிலருக்குப் பிடிக்கிறது. மிஞ்சினால் பழத்தை மூடிவிடும், எந்த ஊர்ச் சிராவும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

எந்த வெப்பநிலையில் பரிமாறுவது?

15, 16 டிகிரி. அறை வெப்பநிலையில் வைத்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பூ மணம் மறையும். குளிர்பெட்டியில் இருபது நிமிடம் வைத்து எடுத்தால் போதும். மிகவும் குளிர்ந்தால் துவர்ப்பு கடுக்கும்.

எந்த உணவோடு சேரும்?

ஆட்டிறைச்சி, வாத்து, காட்டு இறைச்சி, காளான், சுட்ட கத்தரிக்காய், ஆலிவ் சேர்ந்த எதுவும். புளிப்பு உயர்ந்த ஒயின் என்பதால் கொழுப்பை நன்றாக வெட்டும். இனிப்பான சாறு பூசிய இறைச்சியோடு வேண்டாம். ஒயின் மெலிந்து கடுத்துத் தெரியும்.

எத்தனை ஆண்டு வைக்கலாம்?

குரோஸ் எர்மிடாஜ் மூன்று முதல் ஏழு ஆண்டுகள். கோத் ரோத்தி, கொர்னாஸ் பத்து முதல் இருபது. நல்ல எர்மிடாஜ் அதற்கும் மேல். வயதானால் பழம் வற்றி, பதனிட்ட தோல், உலர்ந்த பூ, டிரஃபிள் காளான் மணங்கள் எழும். சிக்கல் நடுவயதில்: இளமைப் பழமும் போய், முதுமை மணமும் வராமல் ஊமையாக இருக்கும் காலம் ஒன்று வரும். எத்தனை ஆண்டில் என்று கணிப்பது கடினம். இரண்டு மூன்று புட்டி வாங்கி இடைவெளி விட்டுத் திறப்பதே வழி.

பூமி சூடாகும்போது இந்தப் பாணி என்னவாகும்?

வடக்கு ரோனிலேயே மாற்றம் தெரிகிறது. 2003-இன் அனல் ஆண்டில் வந்த ஒயின்கள் பழைய முகத்தை இழந்து கனத்தன. அதன் பிறகும் வெப்ப ஆண்டுகள் அடுக்கடுக்காக வந்தன. 14 சதவீதத்தைத் தாண்டிய கொர்னாஸ் இப்போது அதிசயமல்ல. 2021 போன்ற குளிர்ந்த ஆண்டில், உறைபனியில் விளைச்சல் குறைந்தாலும், மிளகும் மெலிவும் திரும்பி வந்தன. விமர்சகர்களின் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இத்தகைய ஆண்டுகளைத் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் ‘மாபெரும் ஆண்டு’ என்ற பட்டம் பெரும்பாலும் வெயில் ஆண்டுகளுக்கே போகிறது. பயிரிடுபவர்கள் மேட்டுச் சரிவுகளுக்கும், முன்பு பழுக்காது என்று விட்ட வெயில் குறைந்த முகங்களுக்கும் நகர்கிறார்கள்.

முதன்முறை வாங்குபவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

நம்பகமான தயாரிப்பாளரின் சேன் ஜோசஃப் அல்லது ஹாக்ஸ் பே சிரா. சீட்டின் பின்புறம் ஆல்கஹால் அளவைப் பாருங்கள், 13.5-க்குள் இருந்தால் பாணி பற்றி ஓரளவு உறுதி கிடைக்கும். புதிய ஓக் பீப்பாயைப் பெருமையாகச் சொல்லும் புட்டியைத் தவிருங்கள், வனிலா வாசம் மிளகை மூடிவிடும். முடிந்தால் கூடவே ஆஸ்திரேலியாவின் வெயில் பகுதியான பரோசாவின் ஷிராஸ் ஒன்றையும் திறந்து பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். பரோசாவை முதலில் குடித்துவிட்டால் மற்றது தண்ணீர் போலத் தோன்றும், அதனால் குளிர்ப் பகுதிச் சிராவிலிருந்து தொடங்குங்கள்.